வாதாம் மரத்தடி வடகம்

“வௌவால் துப்புனதைப் பொரிச்சு வச்சிருக்கீங்களேக்கா, தூ!”

பக்கத்து வீட்டுக் குமுதா மதில்மேல் எம்பிக் கத்தியதும், பெண் பார்க்க வந்தவர்களின் கைகள் தட்டிலேயே நின்றுவிட்டன.

“வாய மூடுடி! சுரண்டிட்டுத்தான பொரிச்சேன்!” என்று பெண்ணின் அம்மா ராஜகுமாரி உளறிவிட்டாள்.

குமுதா போன வாரமே பார்த்தவள். ராத்திரி மாடியில் விட்டுவிட்ட கூழ்வடகத்தின் மேல், வௌவால் மென்று துப்பிய வாதாம்பழச் சக்கை நாரும் எச்சிலுமாக அப்பியிருந்தது. இந்தச் சம்பந்தத்தைக் கெடுக்கவென்றே அந்தச் சேதியைப் பொத்தி வைத்திருந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா அதற்குள் பதினாலு தின்றிருந்தாள். “அதான் லேசா இனிச்சுதா?” என்றபடி பதினைந்தாவதைக் கடித்தாள்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. பெண்ணின் மாமியார் இப்போது வாதாம் மரத்தடியில்தான் வடகம் போடுகிறாளாம். சித்திரை பிறந்தால், குமுதாவுக்கும் மறக்காமல் ஒரு டப்பா வந்துவிடுகிறது.