வழுக்குத் தரை

துறைமுகத்து ஐஸ் கொட்டகையில், மீன்பெட்டிமேல் சாய்த்து வைத்த போனில் ஐஸ் ஸ்கேட்டிங் குழுப் போட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஜெனிட்டா அதைப் பார்த்தபடியே சம்மட்டியால் ஐஸ்கட்டிகளை உடைத்தாள். அவளுக்குப் பிடித்த அணியின் பெண் எம்பிச் சுழன்று சரியாக இறங்கும்போதெல்லாம் அடி ஒன்று கூடுதலாக விழுந்தது. கடைசிச் சுற்றில் அந்தப் பெண் மோவாய் அடிபட விழுந்தாள். வெள்ளைத் தரையில் ரத்தம் சொட்டியது. தடுப்புக்கு வெளியே அவள் அணியினர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

“எளவெடுத்தவங்களா, மரம் மாதிரி நிக்கியளே! யாராவது போய்த் தூக்குனா என்ன?” ஜெனிட்டா கட்டியை ஓங்கிப் பிளந்தாள். சில்லு தெறித்து, பக்கத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த லீலாவின் கன்னத்தைக் கீறியது.

லீலா ரத்தத்தைத் துடைக்கவில்லை. “போன வாரம் நம்மகூட ஐஸ் ஒடைக்கிற எஸ்கலின் இதே எடத்துல வழுக்கி விழுந்து, கை ஒடிஞ்சு கெடந்தாள்லா? லாரி கெளம்பணும்னு நீ அடிக்கத நிப்பாட்டவே இல்லியேட்டி.”

ஜெனிட்டா அடித்தாள். மறுபடியும் அடித்தாள். கட்டி தூளாகிச் சிதறி, சம்மட்டி வெறும் சிமெண்டில் மோதிய பின்னும் அடித்தாள். போனில் அந்தப் பெண் ஒரு கையை ஊன்றி எழுந்துகொண்டிருந்தாள்.