நாளைய காயம்

அடிபட்டவருக்குப் பதில் ஆள் இறக்கலாம் என்று விதி வந்ததிலிருந்து, டெஸ்ட் அணியில் யாருக்கு என்றைக்கு அடிபடும் என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டார்கள். வேகப்பந்து வீச்சாளன் ஜெபராஜுக்கு நாலாம் நாள், இடது தொடை. அன்றைக்குப் பந்து நன்றாகத் திரும்பும். அவன் இடத்தில் ஒரு சுழற்பந்து வீச்சாளர் வருவார்.

மூன்றாம் நாளே அவன் வலது கணுக்கால் மடங்கிவிட்டது. சுருண்டு விழுந்தான்.

அணி மருத்துவர் ஓடி வந்து குனிந்தார். "என்ன தம்பி, உனக்கு நாளைக்குத்தானே?"

"நெசமாவே போச்சு சார். எலும்பு முறிஞ்ச சத்தம் கேட்டுச்சு."

"இன்னும் பந்து திரும்பவே இல்லையேப்பா. இன்னைக்கு மட்டும் பல்லைக் கடிச்சுக்கோ."

சாயங்காலம் வரை எல்லைக்கோட்டருகே ஒற்றைக்காலில் நின்றான்.

மறுநாள் பந்து திரும்பியதும் அவனைத் தூக்கி வந்தார்கள். கணுக்கால் பரங்கிக்காயாக வீங்கியிருந்தது. மருத்துவர் பேசி வைத்தபடியே அவன் இடது தொடைக்கு இறுக்கமாகக் கட்டுப் போட்டார்.