மூச்சுச் சூடு

முத்தியால்பேட்டையில் பைக்கில் வந்த முத்துவேலை நிறுத்தி ஊதச் சொன்னான் கான்ஸ்டபிள் பாலாஜி. கருவி முப்பத்திரண்டு காட்டியது. முப்பதைத் தாண்டினால் வழக்கு.

"குடிச்சியா?"

"காய்ச்சல் சார். மருந்துன்னு கொஞ்சம் பிராந்தி குடிச்சேன்."

"கேஸ் போட்டுடலாமா மேடம்?"

ஏட்டு அன்புசெல்வி முத்துவேலின் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். அனலாகக் கொதித்தது.

"உடம்பு சுட்டா மூச்சும் சுடும் பாலாஜி. அப்ப மெஷின் உள்ளதைவிடக் கூடக் காட்டும். ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்துல பார்த்துடுவோம்."

ரத்தத்தில் முப்பதுக்குக் கீழேதான் இருந்தது. வழக்கு இல்லை என்றானதும் பாலாஜி கிளம்பத் தயாரானான். நர்ஸ் விடவில்லை.

"இந்தக் காய்ச்சலோட வண்டி ஓட்டக்கூடாது. வீட்டுல யாரு இருக்கா?" என்று முத்துவேலைக் கேட்டாள்.

"தனியாத்தான் இருக்கேன் சிஸ்டர்."

"பொண்டாட்டி?"

"கோவிச்சுக்கிட்டுப் போய் மூணு வருஷமாச்சு. எடுப்பாளோ மாட்டாளோன்னு பயந்து நான் போன் பண்ணதே இல்ல."

"நம்பரைச் சொல்லுங்க. நான் பேசுறேன்."

கொஞ்சம் தயங்கிவிட்டு மனப்பாடமாகச் சொன்னான். நர்ஸ் அழைத்தாள்.

அன்புசெல்வியின் காக்கிச் சட்டைப் பையில் போன் அடித்தது.

பாலாஜி திகைத்துப்போனான். மூன்று வருடமாக இந்த ஓர் அழைப்புக்குத்தான் அவள் ஏங்கியிருந்தாள். போனை எடுத்துக் காதில் வைத்து, முத்துவேலை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"நான்தான் சிஸ்டர் அவரு பொண்டாட்டி. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."