ஊசிக்கு வலிக்காதா?

“ஊசிக்கு வலிக்காதா, மிஸ்ஸி?”

ஒரு சிறுமி எப்போதோ கேட்ட இந்தக் கேள்வியைச் சொல்லித்தான் தாதி தனலட்சுமி நோயாளிகளைச் சிரிக்க வைப்பாள். மெர்டேக்கா சுதந்திர தினத்துக்கு முதல் நாள், ஆப்பரேஷனுக்குப் பயந்து கையை இழுத்துக்கொண்ட சிவகாமியிடமும் சொன்னாள்.

சிவகாமி சிரித்துவிட்டாள். “யாரு மிஸ்ஸி அது?”

“காஜா பேராங் ஊரு வாயாடி ஒருத்தி. அவளுக்கும் ஆப்பரேஷன்தான்.”

“நல்லாயிட்டாளா?”

“வீட்டுக்கு ஓடியே போயிட்டா.” எல்லாரிடமும் அவள் சொல்லும் பதில் அது.

பக்கத்துக் கட்டிலுக்கு அன்று காலைதான் வந்திருந்த அஞ்சலை எழுந்து உட்கார்ந்தாள். “அது என் மக விஜயா.”

தனலட்சுமிக்கு அப்போதுதான் அந்த முகம் தெரிந்தது. ஊசியைத் தட்டில் வைத்தாள்.

“அப்படியாக்கா? இப்ப எப்படி இருக்கா?” என்றாள் சிவகாமி.

அஞ்சலை தாதியையே பார்த்தாள்.

“நல்லா இருக்கா. ஸ்கூலுக்குப் போறா. வாய்தான் இன்னும் அடங்கல.”

சிவகாமி சிரித்தபடி கையை நீட்டினாள். சற்று நேரத்தில் அவளை அழைத்துப் போனார்கள்.

அஞ்சலை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். விஜயா ஆப்பரேஷனிலிருந்து திரும்பி வரவில்லை. ஆனால் அன்று அவளைச் சிரிக்க வைத்து உள்ளே அனுப்பியவள் இந்த மிஸ்ஸிதான். அதற்காக அஞ்சலை இதுவரை நன்றி என்று ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.