வண்டிக்குள் ஸ்பானிஷ்

காலை ஒன்பது மணிக்குப் பட்டறையிலிருந்து வைரப் பெட்டி கிளம்பும். பத்து மணிக்கு நகரத்தின் மறுகோடியிலுள்ள ஷோரூமுக்குப் போய்ச் சேரும். வேனில் இரண்டே பேர்: டிரைவர், பக்கத்தில் மடியில் துப்பாக்கியோடு காவலாளி. பெட்டிக்கு ஏதாவது ஆனால் இருவர் தலையும் உருளும்.

காவலாளிக்குப் பதினோரு வருஷ சர்வீஸ், ஒரு கரும்புள்ளி கிடையாது. டிரைவர் வந்து எட்டு மாதம்தான். அவர் ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்ததும் காவலாளிக்குச் சந்தேகம் தட்டியது.

வேன் ஸ்டீரியோவில் பென்டிரைவைச் செருகினால் ஒரு பெண் தமிழில் ஒரு வாக்கியம் சொல்வாள். ஓர் ஆண் அதையே ஸ்பானிஷில் சொல்வான். பிறகு நான்கு விநாடி மௌனம். அதற்குள் நாம் திருப்பிச் சொல்லிவிட வேண்டும்.

“என்னண்ணே, திடீர்னு?”

“சும்மாதான் தம்பி. நாள் முழுக்க ஹாரனைக் கேக்குறதுக்கு இதைக் கேட்டுத் தொலைக்கலாம்ல?”

“அம்பத்தெட்டு வயசுலயா?”

“முடி நரைச்சா நாக்குமா நரைச்சிடும்?”

முதல் மாதம் வணக்கம், நன்றி என்று போயிற்று. இரண்டாம் மாதம் அந்தப் பெண்ணின் போக்கே சரியில்லை. ‘விமான நிலையம் எங்கே?’ என்றாள். ‘நான் தனியாக வந்திருக்கிறேன்’ என்றாள். ‘இங்கே என்னை யாருக்கும் தெரியாது’ என்றாள். டிரைவர் ஒவ்வொரு சிக்னலிலும் அதை முணுமுணுத்தார். ஒரு நாள் அவர் சட்டைப் பையிலிருந்து புத்தம்புது பாஸ்போர்ட் எட்டிப் பார்த்தது.

“எங்கண்ணே பயணம்?”

டிரைவர் அதை உள்ளே தள்ளினார். “ரோட்டைப் பார்க்க விடு தம்பி.”

அன்று மாலையே காவலாளி மேனேஜர் அறைக்குப் போனார்.

“பெட்டியோட கம்பி நீட்டப் போறாரு சார். நாளைக்கு என் பேரும்ல சேர்ந்து கெடும்?”

மேனேஜர் யோசித்தார். “கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாருங்க. தினம் என்ன பேசுறாருன்னு எழுதிக் குடுங்க.”

“எனக்கு அந்த பாஷை புரியாதே சார்.”

“புரியற மாதிரி கேளுங்க.”

ஆபீஸ் செலவில் ஒரு நோட்டு கொடுத்தார்கள். வேலை என்று வந்துவிட்டால் காவலாளி படு சுத்தம். இடப்பக்கம் ஸ்பானிஷ் வாக்கியம், வலப்பக்கம் அதன் பொருள். சந்தேகம் வந்தால் டிரைவரிடமே இன்னொரு முறை போடச் சொல்வார். மாலையில் மேனேஜர் முன் நின்று ஒப்பிப்பார். மேனேஜர் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் மாத முடிவில் டிரைவர் ஒரு மாதம் லீவு கேட்டார்.

“நாள் குறிச்சாச்சு சார்” என்றார் காவலாளி.

திங்கட்கிழமை காலை, வேனில் ஏறப்போன டிரைவரை மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். அறையில் மஃப்டியில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். பெட்டி நேரத்துக்குப் போயாக வேண்டும். வேன் சாவியைக் காவலாளியிடம் கொடுத்து அனுப்பிவிட்டு மேனேஜர் கதவைச் சாத்தினார்.

“எந்த ஊருக்கு ஓடப் போறீங்க?” என்றார் இன்ஸ்பெக்டர்.

டிரைவர் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். முன்பல் இல்லாத ஒரு சின்னப் பெண்.

“பேத்தி சார். என் பொண்ணு ஒரு ஸ்பானிஷ்காரப் பையனைக் கட்டிக்கிட்டு அவன் ஊருக்குப் போனா. போன வருஷம் தவறிட்டா. பாப்பாவுக்குத் தமிழ் தெரியாது. ஞாயித்துக்கிழமை போன்ல ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சியப் பார்த்துக்கிட்டு இருப்போம்.”

“இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னய்யா?” என்றார் மேனேஜர்.

“ஓட்டுறப்ப பொண்ணைப் பத்திப் பேசினா ரோடு மங்குது சார்.”

இன்ஸ்பெக்டர் இதைப் போல நிறையக் கதை கேட்டவர். “எங்கே, ஸ்பானிஷ் பேசிக் காட்டுங்க.”

டிரைவர் விரல் விட்டு எண்ணினார். “ஓலான்னா வணக்கம்... அப்புறம் லூனா. லூனான்னா நிலா.” விட்டத்தைப் பார்த்தார். “பூனைக்கு ஒண்ணு இருக்கு சார். வாய்லயே நிக்குது.”

“மூணு மாசமா இதுதான் படிச்சீங்களா?”

“டிராஃபிக்கைப் பார்ப்பேனா, பாடத்தைக் கேப்பேனா? பக்கத்துல தம்பிதான் விட்டதை எடுத்துக் குடுப்பாரு. அவருக்கு ஒரு வார்த்தை தப்பாது சார்.”

பதினோரு மணிக்கு ஷோரூமிலிருந்து போன் வந்தது, பெட்டி இன்னும் வரவில்லையே என்று.