முந்நூற்றுப் பதினெட்டில் ஒன்று

காபிக் கெண்டிகளை எல்லாம் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். கொலை விழுந்த வீட்டில்தான் அப்படிச் செய்வது வழக்கம். அறுத்த பதினோரு ஆடுகளும் அடுப்பேறாமல் கிடந்தன.

இத்தனைக்கும் மித்கால் பாஷா வென்றிருந்தார். நாட்டின் பெரிய கட்சி ஒன்றுக்குத் தலைவர். ஐந்தாம் முறையாக நாடாளுமன்றத்துக்குப் போகிறார்.

ஆனால் கூடத்துச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த பட்டியலைப் பார்த்துப் பார்த்துக் குலமே குமைந்துகொண்டிருந்தது. நான்கு தேர்தல்களிலும் சொந்த ஊர் ஆண்கள் பெட்டியில் எதிராளிக்கு விழுந்த ஓட்டு பூஜ்யம். இந்த முறை முந்நூற்றுப் பதினெட்டில் ஒன்று, எதிர்த்து நின்ற துர்கிக்கு விழுந்திருந்தது.

"கோடரிக்காம்பு இந்தக் கூடத்துலதான் உக்காந்திருக்கு," என்றார் பாஷாவின் அண்ணன் ஷேக் ஜத்ஆன். அவர் கண் ராகான் மேல் நின்றது. ராகான், செத்துப்போன இன்னொரு தம்பியின் மகன். தன் மகள் வத்ஹாவை அவனுக்குத்தான் கொடுத்திருந்தார்.

ராகான் எழுந்தான். "பெரியப்பா, குர்ஆன் மேல கைவெச்சுச் சொல்லிட்டேன். இன்னும் நான் என்ன செய்யணும்?"

"சத்தியம் எல்லாருந்தான் பண்ணினாங்க. சீட்டுல நீயாத்தானே எழுதினே?"

அதுதான் வினை. சீட்டில் வேட்பாளர் பெயரைக் கையால் எழுத வேண்டும். எழுத்தறியாதவர் அதிகாரியிடம் வாயால் சொல்லலாம். விசுவாசத்தை ஊரறியக் காட்ட, அந்தக் குலத்தில் பட்டம் படித்தவன்கூட "எனக்கு எழுதத் தெரியாது" என்று சொல்லி, பாஷாவின் பெயரை உரக்கக் கூவிவிட்டுத்தான் வருவான். ராகான் பள்ளி ஆசிரியன். அதிகாரியாக உட்கார்ந்திருந்தவர் அவனுடைய தலைமை ஆசிரியர். அவர் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல வாய் வராமல், மறைப்புக்குப் பின்னால் போய் எழுதிவிட்டு வந்தான்.

"ஆஸ்பத்திரி டாக்டரே எழுதத் தெரியாதுன்னு சொன்னாரு. வாத்தியாருக்குக் கிரீடம் இறங்கிடுமோ?" என்றான் ஒருவன்.

"தாய்மாமன் பாசம் கையைப் புடிச்சு எழுத வெச்சிருக்கும்," என்றான் இன்னொருவன். ராகானின் தாய் துர்கியின் குலத்தில் பிறந்தவள்.

"பாஷாவுக்கு போன் போடுங்க பெரியப்பா. அவர் என்னை நம்புவார்."

"இந்த அசிங்கத்தை போன்ல வேற சொல்லணுமா? நாலு தேர்தலா தலைநகரம் அம்மான்லயே ஓட்டுப் போட்ட என் தம்பி, இந்தத் தடவைதான் ஆசையா பேரை இங்க மாத்திக்கிட்டு, ஓட்டுச்சாவடி திறந்ததும் முதல் ஆளா வந்து நின்னான். அவன் மூஞ்சியில கரியைப் பூசிட்டியேடா!"

ஷேக் எழுந்து நின்றார்.

"தம்பி இன்னும் அரை மணியில வந்துடுவான். உன் தலைத்துணிக் கயித்தைக் கழட்டி அவன் காலடியில வெச்சு, நான்தான் போட்டேன்னு ஒத்துக்கோ. மன்னிச்சு விட்டுடறோம். இல்லேன்னா என் மகளையும் பேரனையும் இங்கயே விட்டுட்டு ஊரை விட்டுப் போயிடு. உனக்கு இங்க தண்ணியும் கிடையாது, சலாமும் கிடையாது."

ராகான் முற்றத்துக்கு வந்தான். மூன்று மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வத்ஹா கதவோரம் நின்றாள்.

"நம்ம வீட்டுலேருந்து என் துணிமணியை மூட்டை கட்டி இங்க கொண்டுவந்துட்டாங்க. போட்டீங்களோ இல்லையோ, போட்டேன்னு சொல்லித் தொலைங்க," என்றாள்.

"நாளைக்கு இவனைத் துரோகி மகன்னு கூப்பிடுவாங்களேடி!"

"அப்பன் இல்லாத புள்ளைன்னு கூப்பிடறதுக்கு அது தேவலை."

தெருமுனையில் கார்களின் சத்தம் கேட்டது.

பாஷா கூடத்துக்குள் நுழைந்ததும் கவிழ்ந்து கிடந்த கெண்டிகளைத்தான் பார்த்தார். "யாரு செத்தது?"

"நம்ம மானம்," என்றார் ஷேக். பெட்டிக் கணக்கைச் சொன்னார்.

ராகான் முன்னால் வந்தான். தலைத்துணியின் கறுப்புக் கயிற்றைக் கழற்றினான். ஆண்பிள்ளையாகப் பிறந்தவன் சபையில் செய்யக் கூடாத காரியம் அது. கயிற்றைப் பாஷாவின் காலடியில் வைத்தான்.

"சித்தப்பா, துர்கிக்குப் போட்டது நான்தான். மன்னிச்சுடுங்க."

யாரோ காறித் துப்பினார்கள். உள்ளே பெண்கள் விம்முவது கேட்டது.

பாஷா குனிந்து கயிற்றை எடுத்து, தூசியைத் தட்டி, ராகானின் தலையில் தம் கையாலேயே வைத்தார்.

"எதுக்குடா பொய் சொல்றே?"

"பொய்யா?" ஷேக் சீறினார். "வாய்விட்டுச் சொல்லாம மறைவா எழுதினவன் இவன் ஒருத்தன்தானே?"

"இவன் ஒருத்தன் இல்லே."

"வேற எவன்?"

பாஷா அண்ணனின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"சீட்டுல என் பேரை நானே எழுதிக்க, நான் என்ன மானங்கெட்டவனாண்ணே?"