ஜாடிக்குள் ஒரு மூச்சு

ஆய்வகத்தில் ஆளுக்கொரு ஜாடி இருந்தது. ஒவ்வொன்றிலும் அந்தந்த மாணவரின் உடல் செல்லிலிருந்து வளர்ந்த நெல்லிக்காய் அளவு நுரையீரல் மூச்சுவிட்டது. இன்று அதற்குள் இ-சிகரெட் புகையைச் செலுத்தும் சோதனை.

மற்ற ஜாடிகளில் மூச்சு திணறத் தொடங்கிவிட்டது. கண்பட்டுவிடும் என்று ஜாடிக்கு மைப்பொட்டு வைத்திருந்த தர்ஷிகா மட்டும் புகைக் குழாயைத் தொடவில்லை. அவள் பையில் இ-சிகரெட் இருப்பது மங்கை டீச்சருக்குத் தெரியும்; கேட்கத்தான் வாய் வந்ததில்லை.

“புகை விடலைன்னா மார்க் இல்லம்மா.”

“போனாப் போகுது மிஸ். பாவம், சின்னது.”

“உன் நெஞ்சுக்குள்ள இருக்கிறது மட்டும் என்ன பண்ணுச்சாம்?” என்றான் பக்கத்து மேசை ரூபன்.

தர்ஷிகா அவனை முறைத்தாள். “இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா மிஸ்?”

“புகை இல்லாத இடம்னா எடுத்துட்டுப் போ.”

தர்ஷிகா பையிலிருந்ததை எடுத்து டீச்சரின் மேசையில் வைத்துவிட்டு, ஜாடியை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டாள்.